கொடி ஏந்திய மருத்துவ மாணவர்: டாக்டர் தாலிமெரன் ஆவோ

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்வதையொட்டி வெளிவரும் இம்மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். அண்ணல் அம்பேத்கரைப் பற்றியும், இரட்டைமலை சீனிவாசனாரைப் பற்றியும், எம். சி. இராசா அவர்களைப் பற்றியும் வேறு அன்பர்கள் எழுதுகின்றனர். யாரை எழுதுவது என்று நாம் எண்ணிக்கொண்டிருந்த வேளையில், மாலைப் படிப்பகத்துப் பிள்ளைகள் நால்வர் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து, விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றி எழுதக் கூடாதா ஐயா என்று தயங்கித் தயங்கிக் கேட்டனர். அவர்கள் தயங்கியதற்குக் காரணம் உண்டு. படிப்பகத்தில் பந்து இருக்கலாமா கூடாதா என்னும் வழக்கு அப்போது பொதுக்குழுவின் முன் இருந்தது. அவ்வழக்கைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

நாகர் இனத்தில் பிறந்து, கல்கத்தாவில் மருத்துவம் பயின்று, விடுதலை பெற்ற இந்தியா முதன்முதலாகக் கலந்துகொண்ட ஒலிம்பிக் பந்தயத்தில் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கிய தாலிமெரன் ஆவோ அவர்களின் வரலாற்றை ஈண்டு எழுதுகின்றோம். வடநாட்டாருள்ளும் பலர் மறந்துவிட்ட பெயர் இது. ஆயினும் வடகிழக்கு மாநிலங்களில் இப்பெயரை அறிந்தோர் உண்டு.

அன்னார் 1918 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28 ஆம் நாள், அன்றைய அசாம் மாகாணத்து நாகர் மலை மாவட்டத்தில், சாங்கி என்னும் மலைச்சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று நாகாலாந்து மாநிலத்து மோக்கோக்சுங் மாவட்டத்தில் உள்ளது. ஆவோ என்பது அவர் பிறந்த குடியின் பெயர். அமெரிக்க பாப்டிஸ்ட் சமய ஊழியரான கிளார்க் என்பார் 1872 ஆம் ஆண்டு அம்மலையேறிச் சென்று எழுத்தறிவித்தது இக்குடியினரிடையேதான். ஏட்டுக் கல்வி எட்டாதிருந்த மக்களுக்கு முதற்கதவைத் திறந்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் என்பது நம் பகுதிக்கும் புதிய செய்தியன்று. நம் பாட்டன்மார் சிலர் கையெழுத்திடக் கற்றதும் அத்தகைய பள்ளித் தாழ்வாரங்களில்தானே!

தாலிமெரனின் தந்தையார் சுபோங்வத்தி நிங்தரி ஒரு திருச்சபைப் போதகர். பன்னிரு பிள்ளைகள் பிறந்த குடும்பத்தில் தாலிமெரன் நான்காமவர். இம்பூர் என்னும் இடத்தில் இருந்த மிஷன் வளாகத்திற்குக் குடும்பம் குடிபெயர்ந்தது. அங்கிருந்த திடலில்தான் சிறுவன் பந்தைக் கண்டான். கடையில் வாங்கிய பந்தன்று; கந்தல் துணியைச் சுருட்டி இறுக்கிக் கட்டிய பந்து. இதைப் படித்தபோது நமக்கு நம் இளமைக் காலம் நினைவிற்கு வந்தது. ராசகிரிக் கோட்டை நிழல் விழும் வயல்களில், அறுவடை முடிந்த பின், தாளடி காலைக் குத்தக் குத்த நாமும் அத்தகைய பந்தைத்தான் உதைத்தோம். நம் பந்தில் வைக்கோலும் சேரும். மழையில் நனைந்துவிட்டால் அதை உதைப்பவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

பின்னர் ஜோர்ஹாட் நகரத்து மிஷன் பள்ளியில் சேர்ந்து பயின்றார். அங்குப் படிப்பிலும் ஆட்டத்திலும் ஒருங்கே பெயர் பெற்றார். அந்நிலையில் 1935 ஆம் ஆண்டு தந்தையார் குடற்காய்ச்சலால் மாண்டார். மலைநாட்டில் அக்காலத்தில் மருத்துவர் என்போர் அரியர். காய்ச்சல் கண்டவர் பிழைப்பதும் பிழையாததும் விதியின் பொறுப்பாகவே விடப்பட்டிருந்தது. மகன் மருத்துவம் பயின்று தம் மக்களுக்குப் பணி செய்ய வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். பதினேழு வயது மகன் அதை ஏற்றான். அன்று அவன் ஏற்றுக்கொண்ட பொறுப்பு நிறைவேறப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது பெரும்பாலும் அந்தப் பதினைந்து ஆண்டுகளின் கதையையே.

கௌகாத்தியில் உள்ள காட்டன் கல்லூரி, அசாமின் தலைமை ஆணையராக இருந்த சர் ஹென்றி காட்டன் என்பவரால் 1901 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. தாலிமெரன் அங்கு அறிவியல் பயின்றார். ஓட்டம், நீளத் தாண்டல், ஈட்டி எறிதல், கைப்பந்து என அவர் கை வையாத ஆட்டமில்லை. கல்லூரி அணியில் ஆடியதோடு, சரத் தாஸ் என்னும் நண்பருடன் மகாராணா சங்கம் என்னும் உள்ளூர் அணியிலும் ஆடினார். முதலில் முன்வரிசையில் நின்று கோல் அடிப்பவராக இருந்தவர், பின்னர் நடுவில் நின்று தடுப்பவராக மாறினார். இம்மாற்றம் சிறிதன்று. அக்காலத்தில் பின்னே இருவர், நடுவே மூவர், முன்னே ஐவர் என அணி நிற்கும். நடு மூவரின் மையத்தில் நிற்பவரைச் சென்டர் ஹாஃப் என்பர். எதிரியின் தாக்குதலை முதலில் எதிர்கொள்பவரும் அவரே. பறித்த பந்தை முன்னணியினருக்கு அளந்து கொடுப்பவரும் அவரே. கைதட்டல் கோல் அடித்தவனுக்குப் போகும்; மூச்சு வாங்குவது இவனுக்கு. கால் வலிமையோடு நிதானமும் வேண்டிய இடம் அது. பொறுப்புணர்ந்த மாணவனை வகுப்புத் தலைவனாக வைப்பதுபோல், பயிற்சியாளர்கள் ஆள் தேர்ந்து வைப்பதும் அவ்விடத்திற்கே.

1942 ஆம் ஆண்டு கல்கத்தாவில் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. மலையிலிருந்து இறங்கி வந்த மாணவர், மறு ஆண்டே மோகன் பகான் சங்கத்தில் சேர்ந்தார். அச்சங்கத்தின் பெருமையை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். 1911 ஆம் ஆண்டு சூலை 29 ஆம் நாள், பூட்ஸ் அணிந்த கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவினரை இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது அவ்வணி. அன்று ஆடிய பதினொருவருள் பதின்மர் வெறுங்காலர். ஆண்டவர்களை அடிமைகள் ஒரு திடலிலாவது வெல்ல முடியும் என்பதை வங்காளம் முழுவதும் அன்று கண்டது. தாலிமெரன் சேர்ந்த காலத்தை ஒட்டி, 1943, 1944 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கல்கத்தா லீக் வெற்றி மோகன் பகானுக்கே கிடைத்தது. சில ஆண்டுகளில் அவர் அச்சங்கத்தின் அணித்தலைவரும் ஆனார். வங்காள மாகாணத்தின் சார்பிலும் ஆடினார்.

அவர் அங்கு பயின்ற காலம் எத்தகைய காலம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1943 ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சம். கல்கத்தாவின் நடைபாதைகளில் மக்கள் கஞ்சிக்கு ஏங்கி மடிந்தனர். 1944 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் சூன் வரை சப்பானியருக்கும் ஆங்கிலேயருக்கும் கொஹிமாவில் கடும்போர்; அது அவருடைய நாகர் மலையிலேயே நடந்த போர். 1946 ஆகஸ்டில் நகரமெங்கும் வகுப்புக் கலவரம். அடுத்த ஆண்டு வங்காளம் இரண்டாகப் பிளந்தது. ஊரிலிருந்து நெடுந்தொலைவில், தந்தையற்ற குடும்பத்துப் பிள்ளை ஒருவர், இத்தனைக்கும் நடுவில் உடற்கூறு நூலையும் பந்தையும் ஒருங்கே கைவிடாதிருந்தார் என்பதே நமக்கு வியப்பாக உள்ளது.

இங்கே ஒரு கிளைச்செய்தி. பள்ளியிறுதிக்கு மேற்பட்ட படிப்பிற்காகத் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது 1944 ஆம் ஆண்டில். அப்போது வைசிராயின் ஆட்சிக்குழுவில் உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கரின் முயற்சியால் ஆண்டுக்கு மூன்று இலட்சம் ரூபாய் அதற்கு ஒதுக்கப்பெற்றது. பழங்குடி மாணவர்களுக்கு அத்திட்டம் விரிவடைந்தது நான்கு ஆண்டுகள் கழித்தே. இன்று நம் பிள்ளைகள் வங்கிக் கணக்கில் வந்து விழும் தொகையின் வேர் அங்கே இருக்கிறது. தொகை தாமதமாகிறது என்று நம்மிடம் முறையிட வரும் பிள்ளைகளுக்கு நாம் இதைச் சொல்வதுண்டு. தாமதம் தவறுதான், அதற்காக மனு எழுதியும் கொடுப்போம், வேரையும் தெரிந்துகொள்ளட்டும்.

இனி 1948 ஆம் ஆண்டிற்கு வருவோம். உலகப் போரால் பன்னிரண்டு ஆண்டுகள் தடைப்பட்டிருந்த ஒலிம்பிக் விழா இலண்டனில் கூடியது. 59 நாடுகள் கலந்துகொண்டன. குண்டு வீச்சில் இடிந்த நகரம். உணவுப் பொருள்களுக்குப் பங்கீட்டு அட்டை இருந்த காலம். நாடு விடுதலை பெற்று ஓராண்டு நிறைவதற்குச் சில நாட்களே இருந்தன. இந்தியக் கால்பந்து அணிக்குத் தலைவராகத் தாலிமெரன் ஆவோ தேர்ந்தெடுக்கப்பெற்றார். அப்போது அவருக்கு வயது முப்பது. இன்னும் மருத்துவ மாணவர்தாம்! அவர் பயின்ற கல்லூரிக்கும் அவ்வாண்டில்தான் ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி என்னும் புதுப்பெயர் வந்தது.

சூலை 29 ஆம் நாள் வெம்பிளி திடலில் தொடக்க விழா நடந்தது. மோகன் பகான் கேடயம் வென்ற அதே நாள் என்பதைப் படிப்போர் கவனித்திருப்பர். இந்திய வீரர்களின் வரிசைக்கு முன்னே மூவண்ணக் கொடியை ஏந்திச் சென்றவர் தாலிமெரன் ஆவோ. இந்தியாவுடன் இணைவதா, தனித்து நிற்பதா என்று நாகர் மலையில் பெருவழக்கு நிகழ்ந்துகொண்டிருந்த காலம் அது. நாகர் தேசிய மன்றம் 1947 ஆகஸ்ட் 14 ஆம் நாளே தனி விடுதலையை அறிவித்திருந்தது. அத்தகைய நேரத்தில் நாகர் ஒருவர் கையில் அக்கொடி இருந்தது. அரசியல் வழக்கைத் தீர்க்க நமக்குத் தகுதி இல்லை. மைய நீரோட்டத்திற்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்களுள் ஒருவர் அணிவகுப்பின் முதலில் நடந்தார் என்பதை மட்டும் குறித்து வைக்கின்றோம்.

முதற்சுற்றில் பர்மா விலகிக்கொண்டமையால் இந்தியா ஆடாமலே அடுத்த சுற்றுக்குச் சென்றது. சூலை 31 ஆம் நாள் இல்போர்டு என்னுமிடத்தில் கிரிக்கிள்பீல்டு திடலில் பிரான்சு நாட்டு அணியை எதிர்த்து ஆடியது. ஏறத்தாழ 17,000 பேர் கூடியிருந்தனர். நம்மவருள் பெரும்பாலோர் வெறுங்காலர்; சிலர் கணுக்காலில் துணிப்பட்டை மட்டும் சுற்றியிருந்தனர். பார்வையாளர்க்கு அது வேடிக்கையாக இருந்திருக்கும். பிரெஞ்சுக்காரர் முப்பதாம் நிமிடத்தில் ஒரு கோல் போட்டனர். எழுபதாம் நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட முதல் கோல் அது. பெயரைக் கேட்டால் நம் பக்கத்துத் தெருப் பிள்ளைபோல் இருக்கிறதல்லவா! நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்டி உதைகளும் வீணாயின. இரண்டும் போயிருந்தால் வெற்றி நமதே. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில், எண்பத்தொன்பதாம் நிமிடத்தில், பிரான்சு இரண்டாம் கோலைப் போட்டது. இரண்டுக்கு ஒன்று, தோல்வி. ஆயினும் திடலை விட்டு வெளியேறிய இந்தியர்க்கு ஆங்கிலேயப் பார்வையாளர் ஆரவாரம் செய்தனர் என்பர்.

பூட்ஸ் அணியாதது ஏன் என்று செய்தியாளர் வினவியபோது, எங்கள் நாட்டில் ஆடுவது காலால் ஆடும் பந்து, உங்கள் நாட்டில் ஆடுவதோ பூட்ஸால் ஆடும் பந்து என்னும் பொருள்பட ஆவோ நகைச்சுவையாக விடையளித்தாராம். இவ்விடை இன்றும் பலராலும் எடுத்துச் சொல்லப்படுகிறது. விடை இனிது. ஆனால் வெறுங்காலைப் போற்றிப் பாடுவதில் நமக்கு முழு உடன்பாடு இல்லை. வெறுங்காலுக்குப் பந்தின் தொடுகை நன்கு தெரியும், உலர்ந்த தரையில் வேகம் வரும் என்பது உண்மை. மழை பெய்து திடல் சேறானால் வழுக்கும். இரும்புக் குமிழ் வைத்த பூட்ஸ் மிதித்தால் விரல் நசுங்கும். 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கியின் குளிரில் யூகோசுலாவியாவிடம் பத்துக்கு ஒன்று என இந்தியா தோற்றது. அதன் பின்னரே பூட்ஸ் கட்டாயமாயிற்று. நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், பூட்ஸ் அணிந்த இந்தியா நான்காம் இடம் பெற்றது. வெறுங்காலின் வீரத்தை வியப்பவர்கள் இவ்விரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் மக்களைச் செருப்பணியக் கூடாது என்று தெருக்களில் தடுத்த காலம் ஒன்று இருந்தது. காலணி இன்றி நடந்ததை நம்மால் அழகாகக் காண இயலவில்லை. பிள்ளைகளுக்கு நல்ல பூட்ஸ் வாங்கிக் கொடுப்பதே நம் கட்சி.

இலண்டனில் ஆவோவின் ஆட்டத்தைக் கண்ட ஆர்சனல் சங்கத்தார் தம் அணியில் சேருமாறு அவரை அழைத்தனர் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் பலரும் குறிப்பிடுகின்றனர். அவர் மறுத்துவிட்டார். படிப்பு முடியவில்லை என்பதே காரணம். அவர் நாடு திரும்பினார். மீண்டும் மருத்துவமனை வார்டுகளுக்குச் சென்றார். 1950 ஆம் ஆண்டு எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார். 1942 இல் சேர்ந்தவர் 1950 இல் முடித்தார் என்றால் எட்டு ஆண்டுகள். தலைமையாசிரியர்களுக்கு ஆண்டுகளை எண்ணும் வழக்கம் உண்டு. ஆட்டமும் ஓரளவு காலத்தை எடுத்துக்கொண்டிருக்கும் என்பது நம் எண்ணம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. தாமதமாகப் படித்து முடித்தவனும் முடித்தவனே.

இங்கு நம் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நாம் வேறோர் ஊரில் ஆசிரியராக இருந்த காலத்தில், பன்னிரண்டாம் வகுப்பில் நம் சமுதாயத்து மாணவன் ஒருவன் இருந்தான். பந்து அவன் காலில் ஒட்டிக்கொண்டு வரும். மண்டலப் போட்டிக்கு அவனைத் தேர்ந்திருந்தனர். அரையாண்டுத் தேர்வு நெருங்கியது. அவன் தந்தை கூலி வேலை செய்பவர். பையனைக் கண்டிக்குமாறு நம்மிடம் கேட்டுக்கொண்டார். நாமும் நல்லது செய்வதாக எண்ணி அனுமதிக் கடிதத்தில் கையொப்பமிட மறுத்துவிட்டோம். அவன் போட்டிக்கும் செல்லவில்லை, தேர்வுக்கும் வரவில்லை. மறு வாரம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். ஆட்டம்தான் அவனைப் பள்ளியில் கட்டி வைத்திருந்த கயிறு என்பது அது அறுந்த பின்னரே நமக்கு விளங்கியது. ஆர்சனலை மறுத்த ஆவோவின் கதையைப் பந்தைத் தூக்கி எறியச் சொல்லும் கதையாகப் பெற்றோர் எடுத்துக்கொள்வரோ என்னும் அச்சத்தினால்தான் இதை எழுதுகின்றோம். அவர் பந்தைத் தூக்கி எறியவில்லை. பட்டம் பெற்ற பின்னும் சிறிது காலம் மோகன் பகானில் ஆடினார்.

பின்னர் அசாமின் திப்ருகர் மருத்துவமனையில் பணியாற்றிவிட்டு, 1953 ஆம் ஆண்டளவில் கொஹிமா அரசு மருத்துவமனைக்கு மருத்துவராகச் சென்றார். நாகர் மலையில் கிளர்ச்சியும் படை நடவடிக்கையும் மிகுந்திருந்த ஆண்டுகள் அவை. கல்கத்தாவிலேயே தங்கியிருந்தால் புகழும் வருவாயும் குறைவின்றிக் கிடைத்திருக்கும். அவரோ தந்தையார் காய்ச்சலில் மாண்ட அந்த மலைக்கே மருத்துவராகத் திரும்பினார். 1963 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நாகாலாந்து தனி மாநிலமாயிற்று. அம்மாநிலத்தின் சுகாதாரப் பணிகள் இயக்குநராக உயர்ந்து, 1978 ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். இருபத்தைந்து ஆண்டுகள் மருத்துவப் பணி. அவரைப் பற்றி எழுதுவோர் இலண்டன் ஆட்டத்தின் தொண்ணூறு நிமிடங்களுக்குப் பல பக்கம் ஒதுக்கிவிட்டு, இந்த இருபத்தைந்து ஆண்டுகளை இரண்டு வரியில் முடித்துவிடுகின்றனர். நாமும் அதே குற்றத்தைச் செய்கின்றோம்.

1998 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 13 ஆம் நாள், தம் எண்பதாம் வயதில் அவர் இயற்கை எய்தினார். அவர் பயின்ற காட்டன் கல்லூரியின் உள்விளையாட்டரங்கம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. பிறந்த நூற்றாண்டான 2018 ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. நம் செஞ்சிக் கோட்டை 2025 ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது. ஆனால் அக்கோட்டைக்குக் கல் சுமந்தவன் பெயரை நாம் அறியோம். தேசிங்கு ராசன் கதையை மட்டும் அறிவோம். அந்த வகையில் ஆவோ பேறு பெற்றவர். மலைச்சிற்றூரில் பிறந்தும் பெயர் நின்றது.

இனித் தொடக்கத்தில் சொன்ன வழக்கு. படிப்பகத்தில் பந்து இருந்தால் பிள்ளைகள் படிக்கமாட்டார்கள் என்று பெற்றோர் சிலரும், பந்து இல்லாவிட்டால் பிள்ளைகள் படிப்பகத்திற்கே வரமாட்டார்கள் என்று இளைஞர் சிலரும் பொதுக்குழுவில் வழக்காடினர். இரு தரப்பிலும் உண்மை இருந்தது. நெடுநேரம் பேசிய பின், மாலை நான்கரை முதல் ஆறு வரை ஆட்டம், ஆறரைக்கு வருகைப் பதிவு, பதிவுக்குத் தவறியவன் மறுநாள் ஆட்டத்தில் இல்லை என்று முடிவாயிற்று. பூட்ஸ் வாங்குவதற்கென உறுப்பினர் சிலர் அங்கேயே நன்கொடை அளித்தனர்; பதினொரு இணைக்கு இன்னும் நான்கு இணைக்குரிய தொகை குறைகிறது. பந்தின் பொறுப்பு பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் இருக்கிறது. காற்றடிக்கும் பம்பு நம் வீட்டில் உள்ளது; வேண்டுவோர் ஞாயிறு தவிர எந்நாளும் மாலையில் வந்து பெற்றுக்கொள்ளலாம்.